இடது காதில் சொன்னவை

போன மாதம் எங்கள் மில்லில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர், ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத, ஆச்சரியமான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றார். ஒருவர் தான் இதுவரை ரயிலில் ஏறியதே இல்லை என்றார். இன்னொருவர் பாம்பு கடித்துப் பிழைத்த கதையைச் சொன்னார். என் முறை வந்தது. "எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. சின்ன வயசுலயே போயிருச்சு. அது எனக்கே ரெண்டு வருசத்துக்கு முன்னாலதான் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் கைதட்டச் சொன்னார். உட்கார்ந்துவிட்டேன். மீதியை அங்கே சொல்ல முடியாது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கிறேன். மெஷின்கள் ஓடும் இடத்தில் யார் பேசினாலும் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். நான் எப்போதும் வலது காதைத்தான் கொடுப்பேன். போனும் வலது காதில்தான். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால் என்பதுபோல இதுவும் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காதால் மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு, இரண்டு காதாலும் கேட்பது எப்படி இருக்கும் என்று தெரிய வழியில்லை.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தாவரவியல் படித்து, அதன்மேல் பி.எட்.டும் முடித்தவள். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போவேன். இரண்டு கால்களையும் இடப்பக்கம் போட்டு, என் தோளைப் பிடித்தபடி உட்காருவாள். போகும்போது அவளுக்கு மலை தெரியும், எனக்கு முன்னால் போகிற லாரி தெரியும். காற்றும் லாரி இரைச்சலுமாக இருக்கும். எப்போதாவது அவள் ஏதோ சொல்வதுபோல முதுகில் ஓர் அதிர்வு தட்டுப்படும். "ம்" என்பேன்.

அப்போது எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, கல்யாணமாகாத தங்கை எல்லோரும் இருந்தார்கள். இரண்டே அறைகள். வீட்டுக்குள் அவள் சமையல், சாமான் பேச்சைத் தவிர வேறு பேசிக் கேட்டதில்லை. இவள் அதிகம் பேசாதவள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "டீச்சருக்குப் படிச்சிருக்காகளே, வேலைக்கு அனுப்பலையா?" என்று மில்லில் யாராவது கேட்டால், "அவளுக்கு வீட்டோட இருக்கறதுதான் பிடிக்கும்" என்பேன். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில் இல்லை அது. வேலைக்குப் போகிறேன் என்று அவள் வாய் திறக்காததால், வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில் எழுந்தபோது எல்லாம் அடைத்துப்போயிருந்தது. அடுப்படியில் மிக்சி ஓடுவது தெரிந்தது, சத்தம் இல்லை. பதறிப்போய் மனைவிதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். வலது காதில் குறும்பி இறுகி அடைத்திருந்தது. தண்ணீர் பீய்ச்சி அதை எடுத்ததும் சத்தமெல்லாம் திரும்பி வந்தது. கிளம்ப எழுந்தவனை டாக்டர் மறுபடி உட்காரச் சொன்னார்.

"ஒரு காது அடைச்சா இன்னொரு காது கேக்கணுமே. உங்களுக்கு ஏன் ஒண்ணுமே கேக்கல?"

ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்தார்கள். இடது காதில் எவ்வளவு கூட்டி வைத்தும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" என்றார் டாக்டர்.

வந்திருந்தது. தாடை வீங்கி, கழுத்தில் அம்மாவின் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கிறது.

"அதுல நரம்பு போயிருக்கும். இனி ஒண்ணும் செய்ய முடியாது. இத்தனை வருஷம் சமாளிச்ச மாதிரியே சமாளிச்சுக்கோங்க."

எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மருந்து வாங்கக் காத்திருந்தபோது பெஞ்சில் எனக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப, வண்டியில ஒங்க இடது காதுப் பக்கமா நான் பேசுனது எதுவும் ஒங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன பேசுன?"

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நெறையப் பேசுவேன். வீட்டுல எல்லாரும் இருப்பாக. ஒங்ககிட்டத் தனியாப் பேச அந்த வண்டியை விட்டா எனக்கு எடம் ஏது? அந்த மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிருக்கேன். ம்னு சொல்லுவீக. ஆனா போக மாட்டீக."

"வேற?"

"நான் படிச்ச பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டாக. பாப்பா பொறக்கறதுக்கு முன்னால. போகட்டுமான்னு கேட்டேன். நீங்க பேசல. காத்துல கேக்கலையோன்னு இன்னொரு தடவ கேட்டேன். அப்பவும் பேசல. சரி, இவியளுக்குப் பிடிக்கல, வாயால சொல்ல மனசில்லாம இருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். பொறவு எங்கம்மாகிட்டச் சொல்லி, வரலைன்னு சொல்லிவிட்டுட்டேன்."

"வீட்டுல வந்து கேட்டிருக்கலாம்லா?"

"ரெண்டு தடவ கேட்டுப் பதில் இல்ல. திரும்ப எப்படிக் கேக்க?"

குரலில் கோபம் இல்லை. என்றோ முடிந்துபோன யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"காதுல விழுந்திருந்தா நான் போன்னுதான் சொல்லிருப்பேன்" என்றேன்.

"இருக்கும்" என்றாள்.

உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருப்பேனா? அம்மா என்ன சொல்வாளோ என்று தயங்கியிருப்பேனோ? எனக்கே தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவையாவது பதில் சொல்லியிருந்தால் அல்லவா தெரியும்.

அதன் பிறகு சில வாரங்கள் அவளை விடாமல் நச்சரித்தேன். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏதாவது தனியார் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்ப்போம் என்றேன். "பாடமெல்லாம் மாறிப்போச்சு. இப்ப உள்ள பிள்ளைக முன்னால போய் நிக்க எனக்குத் தெம்பு இல்ல. விடுங்க" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் மலையில் மழை. ஓடையில் தண்ணீர் வருகிறது என்று வனத்துறைக்காரர்கள் உள்ளே விடவில்லை. செக்போஸ்ட் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். "எங்கம்மா வீட்டு மாடியிலேர்ந்து பாத்தாலே இம்புட்டுத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் நடந்தாள்.

எங்கள் மகள் இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். சென்ற வாரம் எதிர்வீட்டுப் பெண்பிள்ளை, பரீட்சைக்கு ஒரு பாடம் விளங்கவில்லை என்று புத்தகத்தோடு வந்தாள். மனைவி உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துவந்து, "இது ஏன் உப்பிருச்சு? தண்ணி எங்கேருந்து எங்க போச்சு?" என்று கேட்டாள். பிள்ளை தப்பாக ஏதோ சொன்னது. திட்டவில்லை, வேறு விதமாகக் கேட்டாள். அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை விடவில்லை. நான் பக்கத்து அறையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெளிவான, கொஞ்சம் உரத்த, சந்தேகமே இல்லாத குரல். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் நான் கேட்டிராத குரல் அது.

பிள்ளை போனதும், "நல்லாச் சொல்லிக்கொடுக்கியே" என்றேன்.

"ஒரு பிள்ளைக்குத்தான சொன்னேன்" என்றபடி கிண்ணத்தைக் கழுவ எடுத்துப்போனாள்.