வழிக்கு மட்டும் பழம்

"2006 பிப்ரவரி, செவ்வாய். முகப்படம் மாட்டினோம். எல்லோரும் சிரிப்பையே தொட்டார்கள்." என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. தேதியை எழுதாமல் விட்டிருக்கிறேன். என் வழக்கத்துக்கு அது அபூர்வம்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய தொடக்கப்பள்ளியில் அப்போது ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்லப் பழக வேண்டும், அடுத்தவர் வருத்தம் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒரு பயிற்சியில் கேட்டுவிட்டு வந்த தலைமையாசிரியை, நான்கு முகங்கள் வரைந்த அட்டையைச் சுவரில் மாட்டினார். சிரிப்பு, கோபம், அழுகை, பயம். காலையில் வந்ததும் அவரவர் மனநிலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிள்ளைகள் அதைப் பரீட்சை என்று நினைத்துச் சரியான விடையைத் தொட்டார்கள். வீட்டில் அடி வாங்கிய கன்னத்தோடு வந்தவனும் சிரிப்பைத்தான் தொட்டான்.

அதனால் அடுத்த வாரம் கேள்வியை மாற்றினோம்: உன் சிநேகிதருக்கு என்ன கஷ்டம்?

முதலில் கை தூக்கியவளுக்கு வகுப்பில் வாயாடி என்று பட்டம். அவளுடைய உயிர்த்தோழிக்கு நெட்டை என்று பட்டம். வாயாடி எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"சார், கடல் உள்ள வந்துச்சில்ல? அப்பலேர்ந்து இவ ராத்திரில பாய்லயே ஒண்ணுக்குப் போயிடறா சார். பாவம் சார்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நெட்டை அந்த இடத்திலேயே காய் விட்டாள்.

அம்மாக்கள் இருவரும் ஒரே அளத்தில் உப்பு சுமப்பவர்கள். "உன் பொண்ணு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடு" என்று நெட்டையின் அம்மா சொல்ல, அங்கேயும் பேச்சு நின்றது.

ஏப்ரலில்தான் விஷயம் பெரிதானது. ஆறாம் வகுப்புக்கு அளங்களைத் தாண்டிப் போக வேண்டும். அவர்கள் தெருவிலிருந்து போக வேண்டிய பெண்கள் இந்த இருவர் மட்டுமே. நெட்டையை அவள் அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. வாயாடிக்கு யாரும் இல்லை.

"ஆளில்லாத வழில ஒத்தையா எப்படி சார் அனுப்பறது?" என்றார் அவள் அம்மா. "அந்தப் பொண்ணு கூட வந்தா அனுப்பறேன். இல்லன்னா எங்கூட அளத்துக்கு வரட்டும்."

தலைமையாசிரியை இருவரையும் நிறுத்தி, சாரி சொல்ல வைத்து, கை குலுக்க வைத்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், அது செல்லாது. காய் விட்டவதான் பழம் விடணும்."

"யாருடா சொன்னது?"

"ரூல்ஸ் டீச்சர்."

மறுநாள் முதல் வாயாடி அழுகிற முகத்தைத் தொட்டாள். அந்த அட்டைக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் அதுதான்.

ஒரு மதியம் நெட்டை சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன்.

"அவ படிப்பு நின்னுடும்மா."

"நான் பேச மாட்டேன் சார்."

"பேசாம எப்படிம்மா சேர்ந்து நடப்பீங்க?"

அவள் தட்டைக் கவிழ்த்தாள். "எங்கம்மாவும் அவங்கம்மாவும் பேசறதே இல்ல. கூடை தூக்கி விட்டுக்கறாங்கல்ல?"

ஈர உப்பு நிரம்பிய கூடையை யாராலும் தனியாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரில் நிற்பவர் கை கொடுக்க வேண்டும். என்ன சண்டை இருந்தாலும் அளத்தில் அந்தக் கையை மறுப்பதில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் அதை இந்தச் சண்டையோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது நெட்டைக்கே அது தோன்றியிருக்க வேண்டும். கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் வகுப்பில் எழுந்து அறிவித்தாள்: "வழிக்கு மட்டும் பழம். ஸ்கூல்ல காய்."

"டேய், இப்படி ஒண்ணு இருக்குதாடா?" என்று பின் வரிசையைப் பார்த்துக் கேட்டேன்.

"இப்ப இருக்குது" என்றான் ரூல்ஸ் சொன்னவன்.

வாயாடி அட்டையிடம் போய், இரண்டு விரலால் சிரிப்பையும் அழுகையையும் சேர்த்துத் தொட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் பேருந்திலிருந்து அவர்களைப் பார்த்தேன். அண்ணன் சைக்கிளை விட்டுவிட்டு நெட்டை வரப்பில் முன்னால் நடந்தாள். பின்னால் வந்தவளின் வாய் ஓயவில்லை. பதில் வந்ததா என்பது அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

பள்ளிக்குள் இருந்த காய் எப்போது பழமானது என்று பின்னர் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டாம் நாளே என்கிறாள் வாயாடி. அரைப் பரீட்சை வரைக்கும் இல்லை என்கிறாள் நெட்டை. இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். எது சரி என்பது இன்னும் உறுதியாகவில்லை.