பீலியடியில் முதல் குடம்

1974 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஏழேகாலுக்கு, நான் படிப்பிக்கும் உக்குவளைப் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். குழாயடியில் வெறும் வாளிக்குள் தண்ணீர் நூலாக விழும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் மூங்கில் பீலியும் அப்படித்தான் நூலாக விழுந்தது.

மலையில் பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்று வாய்க்கால் மண் சரிந்து தூர்ந்திருந்தது. அதை வெட்ட எங்கள் வீட்டு வரிசையான மேல் லயத்தில் ஆள் போதவில்லை. கீழ் லயத்தாரைச் சாதி சொல்லி ஊற்றுப் பக்கமே விடமாட்டோம். பீலியிலும் நாங்கள் பிடித்து முடித்த பிறகே அவர்கள் குடம் வைக்கலாம்.

அப்போது ஒருநாள் கீழ் லயத்துச் செவனம்மா காய்ச்சல்காரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. வரிசையில் முதலில் நின்ற என் அம்மா தன் வாளியை எடுத்துவிட்டு, "வா புள்ள, ஒன் கொடத்த வையி" என்றாள்.

அத்தை பாய்ந்து வந்தாள். "அவ கொடம் பட்ட தண்ணியில நாங்க சோறாக்கவா?"

"தண்ணி மேலருந்து கீழதானே விழுது மதினி? கொடத்துலருந்து மலைக்கு ஏறுமா?" என்றாள் அம்மா.

யாரோ சிரித்தார்கள். குடத்தை உதைக்க அத்தை காலைத் தூக்கினாள். அம்மா குறுக்கே நின்றாள். குடம் நிறையும்வரை ஒருவரும் அசையவில்லை.

செவனம்மா போகும்போது மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஆம்பளைகள ஊத்துக்கு விட்டா ஒரே நாள்ல வாய்க்கால வெட்டிருவாங்க அக்கா."

பின்னால் அவர்கள் வந்து வாய்க்காலை வெட்டிய பிறகு, நான் அங்கே இருந்த எந்தக் கோடையிலும் இரண்டு லயத்துக்கும் தண்ணீர் குறையவில்லை. ஆனால் அன்று அது யாருக்குத் தெரியும்? மேல் லயம் எங்களோடு பேச்சை நிறுத்தியது. மறுநாள் காலை முதல் வேலையாக அப்பா மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ் லயத்துக்குப் போய், செவனம்மாவின் புருஷனை, "வாங்க, ஊத்துக்குப் போவோம்" என்று கூப்பிட்டார்.