மூன்று டிவிசனுக்கும் முறை

பதுளை டவுனில் ஒரு ஹார்டுவெயார் கடையின் மேல்மாடியில் நான் செய்யும் வேலையை இன்றுவரை அம்மாவுக்கு விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் வேலை என்றால் தலையை ஆட்டுவார். அதில் என்ன வேலை என்று அடுத்துக் கேட்பார். அமெரிக்கக்காரன் பந்து விளையாடுவதை நாள் முழுக்கப் பார்த்து எழுதுகிறேன் என்று உண்மையைச் சொன்னால், "இதுக்கா ஒன்ன ஏ.எல். வரைக்கும் படிக்க வச்சோம்?" என்பார்.

அந்த மேல்மாடியில் வேலை செய்வது நாங்கள் ஏழு பேர். கொழும்பிலிருந்து ஆட்டப் பதிவுகள் வரும். ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக நிறுத்தி, பந்து யார் கையிலிருந்து போனது, யார் ஓடினார், எங்கே விழுந்தது என்று பதிய வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது விளையாட்டாகவே தெரியவில்லை. தலைக்கவசம் மாட்டிய தடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள், விசில் ஊதியது, எழுந்து போனார்கள். போகப் போகத்தான் எல்லாம் ஓர் ஆளைச் சுற்றி நடக்கிறது என்பது பிடிபட்டது. குவாட்டர்பேக் என்று பெயர். ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் அவன் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அவனை நம்பி ஓடுகிறார்கள், அவனுக்காக அடி வாங்குகிறார்கள்.

போன வருடம் எனக்கு ஒதுக்கியிருந்த அணி, ஒரே சீசனுக்குள் மூன்று பேரை அந்த இடத்தில் மாற்றி மாற்றி வைத்தது. முதலாமவன் இரண்டு ஆட்டம் தோற்றான், வெளியே போட்டார்கள். இரண்டாமவன் வந்த முதல் ஆட்டத்தில் ஜெயித்தான். எதிரணிக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு எல்லாம் தடுமாற்றம். முன்வரிசைக்காரர்கள் பழைய குரலுக்குப் பழகியவர்கள். புதியவன் ஆட்டத்தைத் தொடங்கக் குரல் கொடுக்கும்போது முந்திப் பாய்ந்து அபராதம் வாங்கினார்கள். ஒருவன் ஓடிப் போய்ச் சரியான இடத்தில் திரும்புவான், பந்து அவன் முதுகில் வந்து விழும். யார்மேலும் குற்றமில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் நானே ஒருநாள், "பிடிப்பவர் பழையவரின் பந்துக்காகக் காத்திருந்தார்" என்று எழுதினேன். நல்ல குறிப்பு என்று மேற்பார்வை செய்பவர் பாராட்டினார்.

ஆக, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தப் பாடத்தைப் படித்தவன் நான்.

நமுனுகுலப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கரப்பந்தாட்ட அணி உண்டு. படித்தவன், டவுனில் வேலை செய்கிறவன் என்பதால் என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். அணியின் செட்டர் என் தங்கச்சியின் கணவர். கரப்பந்தில் செட்டர் என்பவன் கிட்டத்தட்ட அந்தக் குவாட்டர்பேக் மாதிரிதான். எதிரிப் பக்கமிருந்து வரும் பந்தை யார் எடுத்தாலும் இரண்டாவது தொடுகை அவனுடையது. அடிப்பவனுக்கு ஏற்ற உயரத்தில் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை. மாப்பிள்ளை ஆறு வருடமாக அந்த இடத்தில் நின்றார். வாரம் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிக் காய்த்துப்போன கைகள். அந்தக் கையிலிருந்து பந்து சத்தமே இல்லாமல் மேலே போகும். எங்கள் அணியின் நெட்டையன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாலும் பந்து அங்கே இருக்கும் என்பார்கள்.

தங்கச்சி குடும்பம் இருந்தது தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி லயத்தில். பின்சுவரிலிருந்து நாலு எட்டு வைத்தால் மலைச் சரிவு. போன மழைக்குச் சரிவில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடாது என்பது தங்கச்சிக்கும் தெரியும். இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அப்போதுதான் மொனராகலைப் பக்கமிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே ஒரு கம்பெனிக்கு நல்ல கரப்பந்து அணி இருந்தது. அவர்களுடைய செட்டருக்கு முழங்கால் போய்விட்டது. மாப்பிள்ளையின் ஆட்டத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாவட்டப் போட்டியில் நீங்கள் அரையிறுதிக்கு வந்தால் பார்க்க வருகிறோம், ஆட்டம் பிடித்தால் ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை, இரண்டு அறை குவார்ட்டர்ஸ் என்றார்கள். தங்கச்சி அன்றிலிருந்து மொனராகலையில் வெயில் எப்படி, தண்ணீர் எப்படி என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். சமதரை என்று யாரோ சொன்னதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

போட்டி தொடங்குவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். எங்கள் தோட்டத்தில் மேல், நடு, கீழ் என்று மூன்று டிவிசன். திருவிழா நாட்கள் மூன்று டிவிசனுக்கும் முறை வைத்துத்தான் நடக்கும். முதல் மரியாதை முறை, தேர்வடம் முறை, அன்னதானம் முறை. அந்த முறை இருப்பதால்தான் அடிதடி இல்லாமல் திருவிழா முடிகிறது. அன்று கீழ் டிவிசன் தலைவர் எழுந்தார்.

"சாமிக்கே முறை வச்சிருக்கோம். பந்துக்கு மட்டும் ஏன் மேல் டிவிசனுக்கே எழுதி வச்சிருக்கு? எங்க பையனும் செட்டர்தான். நடு டிவிசன்லயும் ஒருத்தன் இருக்கான்."

"இது கோயில் வேல இல்லங்க, வெளையாட்டு" என்றேன்.

"செயலாளரோட மாப்ளயாச்சே அவரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "அப்பிடித்தான் பேசுவாரு."

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் நடுநிலையானவன் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு கீறல் விழுவதை என்னால் தாங்க முடியவில்லை. "சரிங்க, திருவிழா முறைப்படியே வச்சுக்குவோம். முதல் ஆட்டம் மேல், ரெண்டாவது நடு, மூணாவது கீழ்" என்று சொல்லி, அப்போதே தாளில் எழுதி வாசித்தும் காட்டினேன். கைதட்டினார்கள்.

தங்கச்சி வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. மூன்றாவது ஆட்டம்தான் அரையிறுதி என்பதைத் தங்கச்சி விரல்விட்டு எண்ணிப் பார்த்திருந்தாள்.

"அண்ணே, மொனராகலைக்காரங்க வர்ற அன்னைக்கு இவரு முறை இல்லையே. மாத்தி எழுத முடியாதா?"

"மாத்துனா ஒன் புருசனுக்காக மாத்துனேன்னு ஊரே பேசும்."

"பேசட்டுமே" என்றாள்.

மாப்பிள்ளை தலை நிமிராமல் பிள்ளையின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். "விடு புள்ள. அவரும் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்ல" என்றார். குத்திக் காட்டவில்லை. அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. மாப்பிள்ளை ஆடினார், சுலபமாக ஜெயித்தோம். இரண்டாவது ஹாலிஎலயில். நடு டிவிசன் பையனுக்குத் துறுதுறுப்பான கை. பந்தை எந்தப் பக்கம் கொடுப்பான் என்று எதிரணிக்கும் தெரியவில்லை, எங்கள் ஆட்களுக்கும் தெரியவில்லை. எப்படியோ ஜெயித்துவிட்டோம். பஸ்ஸில் திரும்பும்போது எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். முறை வைத்தது நல்லதாகப் போயிற்று என்று கீழ் டிவிசன் தலைவரே சொன்னார். புதிய ஆள் முதல் ஆட்டத்தில் ஜெயிப்பான் என்பதைத் திரையில் பார்த்துக் குறிப்பு எழுதியவன், அன்று இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரையிறுதி பதுளையில். மொனராகலையிலிருந்து இருவர் வந்து மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கீழ் டிவிசன் பையன் நல்ல ஆட்டக்காரன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பந்து தாழ்வாக, வேகமாக வரும். நெட்டையன் ஆறு வருடப் பழக்கத்தில் நிதானமாக ஓடி வந்து குதிப்பான். பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டு முறை வலையில் அடித்தான். பிறகு குதிக்கவே யோசித்தான். யோசிப்பது தெரிந்ததும் மற்றவர்களும் யோசித்தார்கள். ஒருவரையொருவர் திட்டத் தொடங்கினார்கள். முதல் செட் போனது.

இரண்டாவது செட்டின் நடுவில் புள்ளிகள் சமமாக வந்தன. ஆளை மாற்றும் உரிமை என் கையில் இருந்தது. மாப்பிள்ளை மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார். கீழ் டிவிசன் தலைவர் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து, அவிழாத சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். நிமிர்ந்தபோது இரண்டு புள்ளி போயிருந்தது. அந்த ஆட்டம் அதற்கு மேல் எங்கள் கைக்கு வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் கோழைத்தனம் என்று சொல்லி என்னை மன்னித்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் மொனராகலைக்காரர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். உங்கள் பழைய செட்டரைப் பார்க்கத்தான் வந்தோம், அவர் ஏன் ஆடவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். கோயில் மரியாதைபோல மூன்று டிவிசனுக்கும் முறை வைத்திருக்கிறோம் என்பதை அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தோட்டத்து ஆட்களின் புத்தியைப் பார் என்று நினைப்பாரோ என்று பயம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவருக்குக் கையில் காயம்."

அவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை தூரத்தில் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "பெரிய காயமா?" என்று வந்தவர் கேட்டார். "கொஞ்ச நாளாகும்" என்றேன். பாவம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். நம்பரைச் சரியாகத்தான் கொடுத்தேன். அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி என்றுகூட எனக்குத் தோன்றியது.

இரண்டு வாரத்தில், எங்களை ஜெயித்த அணியின் செட்டருக்கு அந்த வேலை கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பள்ளிக்கூட நாளிலிருந்து அதே இடத்தில் அதே ஆட்களோடு ஆடியவனாம். தங்கச்சி அழவில்லை. மொனராகலையைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திக்கொண்டாள். மாப்பிள்ளை மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார். அடுத்த வருடத்துக்கும் முறை போடச் சொல்லித் தாளை நீட்டினார்கள், நான் செயலாளர் பதவியே வேண்டாம் என்றேன். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை, லயத்துக்குப் பின்னால் மண் இறங்கிவிட்டது, எல்லோரும் ஸ்கூலில் இருக்கிறோம் என்று தங்கச்சி போன் பண்ணினாள். லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது, மீதியை நடந்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் சமைத்த இடமும் பிள்ளைகள் படுத்த இடமும் மண்ணுக்குள் இருந்தன.

வகுப்பறையில் மேசைகளை ஓரத்தில் அடுக்கி, பாய் விரித்து நான்கு குடும்பங்கள் இருந்தன. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிப்போன பாண் ரொட்டியையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேலும் சொல்லாமல் இருந்தால் மனுசனே இல்லை என்று தோன்றியது.

"மாப்ள, அன்னைக்கு அந்த மொனராகலைக்காரருகிட்ட ஒங்க கையில காயம்னு நான்தான் பொய் சொன்னேன். முறை வச்சிருக்கோம்னு சொல்ல வெக்கமா போச்சு."

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மச்சான். அடுத்த வாரமே போன் பண்ணாங்க. கை எப்பிடி இருக்கு, இப்ப வர முடியுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க அப்பிடி சொல்லிட்டீங்களே. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா ஒங்களப் பொய்காரன்னு நெனைப்பாங்க. இன்னும் சரியாகலைன்னு சொல்லிட்டேன்."

தங்கச்சி சின்னவனுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. போன் வந்த விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது. அவள் புருசனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு நான் கொண்டுபோன பையை எடுத்து, வாயை முடிச்சுப் போட்டு, என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.