தொண்ணூறு வரைக்கும் பின்னிஷ்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நத்தார்க் காலம் வந்தால், எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் தமிழர்கள் கூடி, கூவப்படும் எண்களைச் சீட்டில் அடித்து நிரப்பும் தொம்போலா விளையாடுவோம். பையிலிருந்து எண்களை எடுத்துக் கூவுபவர் மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றின் சமையல்காரர். நரைத்த மீசை, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புச் சால்வை. எந்த எண்ணையும் முதலில் பின்லாந்து மொழியான பின்னிஷில் சொல்லிவிட்டுத்தான் தமிழுக்கு வருவார். எண்பத்தேழை அவர் “கஹ்தெக்ஸன்க்யும்மென்தாசெய்த்ஸெமான்” என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு தோடம்பழத்தை உரித்துத் தின்றுவிடலாம்.

“அண்ணை, கெதியாத் தமிழிலை சொல்லுங்கோ! எனக்கு ஒரு நம்பர்தான் குறையுது” என்று ஒருமுறை கத்தினேன்.

“பொறு பிள்ளை. மகள் பின்லாந்துக்கு வந்து இருக்கச்சொல்லி ஒரே கரைச்சல். நூறு வரைக்கும் எண்ணப் பழகிப்போட்டு வாறனெண்டு சொல்லிப்போட்டன்.”

“அதை வீட்டிலை இருந்து பழகலாமே?”

“சீ, இந்தப் பையிலை பழகினாத்தான் எனக்கு மனசிலை நிக்குது.”

இந்த வருடமும் அவர்தான் கூவினார். பின்னிஷ் எண்கள் தடங்கலில்லாமல் வந்து விழுந்தன.

“இனிப் போகலாம்தானே அண்ணை?” என்றேன்.

“எங்கை, நூறு இன்னும் வரேல்லையே” என்று பையைக் குலுக்கினார்.

தொம்போலாப் பையில் தொண்ணூறுக்கு மேல் எண்ணே கிடையாது. அதை மகளிடம் யார் சொல்வது?