பட்டன் மேல் அப்பிய களிமண்

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இப்போது இடது கையால் வேறு எழுத வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்தால் டாக்டரே பொறாமைப்படுவார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் களிமண் அறுக்கும் மெஷினில் நின்றேன். இரண்டு பட்டனை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். நான் வலது பட்டனில் களிமண் உருண்டையை அப்பி, ஆள்காட்டி விரலால் அழுத்தி, பட்டன் மேலே எழும்பாமல் செய்துவிட்டேன். "மூக்கு சொறிய ஒரு கை வேணாமாடா?" என்று கூட்டாளி குமாருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு நாள் சாய்ந்த மண் துண்டை நிமிர்த்த வலது கையை உள்ளே விட்டேன். இடது கை, பழக்க தோஷத்தில், பட்டனை அழுத்திவிட்டது. என் கையை வெட்டியது என் கைதான்.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன். ஆள்காட்டி விரல் போயே போனது. நடுவிரலில் அறுந்த நாணை (விரலை மடக்க இழுக்கும் கயிறு போன்றது) தைத்தார்கள்.

"பரோட்டா பிய்க்க முடியுமா சார்?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"மொதல்ல ஸ்பாஞ்ச அமுக்குங்க தம்பி. அவசரப்பட்டா தச்சது அறுந்துடும்."

நான்கு மாதமாக அமுக்குகிறேன். அலுத்துவிட்டது. என்னைப் போல விரல் போனவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் அலுக்கும், விடாதீர்கள். ஒரு சட்டைப் பொத்தான் போடுவதற்குள், "குடுடா, நான் போட்டு வுடறேன், பஸ்ஸு போயிடும்" என்கிறார் அம்மா. இல்லாத விரல் அரிக்கிறது (அது போன சேதி மூளைக்கு இன்னும் எட்டவில்லையாம்). சொறியத்தான் இடமில்லை.

போன வாரம் குமார் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். இப்போது என் மெஷினில் அவன்தான்.

"அந்த உருண்ட?"

"நீ வச்சது அப்படியேதான் இருக்குது. அது இல்லன்னா வேல ஓடாதுடா."

"எடுத்துடு."

சிரித்தான். எந்நேரமும் கிண்டல் செய்பவன் நிஜமாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால்தான் எழுதினேன். இந்தப் பக்கத்துக்கு ஒரு பகல் முழுதும் போயிற்று. முன்பு அந்த நேரத்தில் மலை மலையாக மண் அறுத்திருப்பேன். இதுவரை எழுதியதைப் படம் பிடித்து குமாருக்கு அனுப்பிவிட்டு, ஸ்பாஞ்சை அமுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

மறுநாள் அவன் ஷிப்டு ஏறியதும் பதில் வந்தது:

"சொரண்டி எடுத்துட்டேன்டா, உன் வெரலு ரேக அதுல அப்படியே இருந்துச்சு."