பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய கரண்ட்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். ஒன்பதரையிலிருந்து ஐந்து மணி வரை துறைமுகச் சாலை அலுவலகத்தில் கன்டெய்னர் காகிதங்கள். ஐந்தேகாலுக்குச் சர்ச்சில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போகும் வழியில், ஏற்றுமதிச் சரக்குக்கு மரப்பெட்டி செய்யும் அண்ணனின் பட்டறையில் நுழைந்தேன். பைன் மரத்தூளின் வாசனைக்கு நடுவே சீராகக் கீச்சிட்டுக்கொண்டிருந்த மின் ரம்பம், பலகையின் பாதியில் குரல் இறங்கி நின்றுபோனது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, விளக்கும் எரிந்தது. ஆகவே ரம்பத்தில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்று முடிவுகட்டிய அண்ணன், அதைப் புரட்டிப் போட்டு, பிளேடின் பல்லுக்குள் விரலைக் கொண்டுபோனான். ரம்பத்தின் சுவிட்ச் அமுங்கியபடியே இருக்கும்படி அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"எதுக்குளா பிடுங்குத? அதுதான் தானா நின்னுட்டே" என்றான்.

கரண்ட் போயிருக்கிறது, விசிறி ஓடுவது இன்வெர்ட்டரில் என்று நான் சொல்லி முடிக்கவும் பக்கத்து வெல்டிங் கடையின் இயந்திரம் அலறவும் சரியாக இருந்தது.

"வந்துட்டு போல" என்றான் அண்ணன். அவ்வளவுதான். அவனுடைய இடது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிட்டு, மீதியைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்த கோடையில் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். அப்போது பட்டறை அப்பாவுடையது. அதன் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த, கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பத்தின் சுவிட்சை நாள் முழுக்க அமுக்கினால் விரல் கடுக்கிறது என்று, அப்பா அதில் ஒரு சைக்கிள் டியூப் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அப்பாவை அசட்டையான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. லுங்கி நுனி தொங்கினால் வேலையை நிறுத்திவிடுவார், அறுக்கும்போது யாரும் பேசக் கூடாது, சிலுவை போடாமல் ரம்பத்தைத் தொடமாட்டார். ஆனால் பிளேடு மாற்றுவதையும் துடைப்பதையும் மின்வெட்டு நேரத்துக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்தார். வேலை நேரம் வீணாகாதாம். "கரண்ட்டே இல்ல, பிளக்கை எதுக்குப் பிடுங்க?" என்று கேட்பார். எங்கள் தெருவும் அதைச் சரி என்றது.

ஒருநாள் சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்து, மேசையில் கிடந்த ரம்பம் தானாகத் துள்ளி, பலகையைக் கீறிக்கொண்டே ஓடித் தரையில் விழுந்து சுழன்றது. எல்லோரும் சிரித்தார்கள். அதற்கும் வேலை செய்ய ஆசை வந்துவிட்டது என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் கரண்ட் வரும் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். 11.42. 11.55. 12.20. பத்தொன்பது நாளில் இரண்டே இரண்டு நாள்தான் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்திருந்தது. சாப்பாட்டு வேளையில் நோட்டை அப்பாவிடம் கொடுத்து, இனிமேல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடில் கை வையுங்கள் என்றேன். அவர் ஒரு வரி விடாமல் படித்தார்; படித்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனார்.

"ஏலே, இங்கன பாருங்க, எம்மவ கரண்ட்டுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கா."

அன்று முதல் அங்கே என் பெயர் "லயன்மேன் அம்மா".

அதற்கு ஐந்தாவது நாள். கரண்ட் வரும்போது தெருப்பிள்ளைகள் எல்லோரும் "வந்துட்டு" என்று ஒரே குரலாகக் கத்துவது வழக்கம். நானும் கத்தினேன், கத்திக்கொண்டே ஓடிக் கடிகாரத்தைப் பார்த்து 11.38 என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், பட்டறைக்குள்ளிருந்து வந்த இன்னொரு சத்தம் அண்ணனுடையது என்று புரிந்தது. பிளேடை இடது கையால் பிடித்துக்கொண்டு திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்திருக்கிறான். சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. என் நோட்டை எடுத்துக்கொண்டார். ஒரு நொடி, அதில் நான் எழுதியதன் பொருள் அவருக்கு எட்டிவிட்டது என்று நினைத்தேன். அவர் நேரே, எங்கள் பகுதிக்குக் கரண்ட் விடும் லயன்மேன் வீட்டுக்குப் போய், தெருவே கூடி நிற்க, நோட்டை விரித்துக் காட்டினார்.

"பன்னெண்டு மணிக்கு வரவேண்டிய கரண்ட்டை இருவத்திரெண்டு நிமிசம் முந்தி விட்டது யாருலே? எம்புள்ள எழுதி வச்சிருக்கா பாரு."

தெரு முழுவதும் அப்பா பக்கம் நின்றது. லயன்மேன் தலையைக் குனிந்துகொண்டார். நான்காம் நாள் வேறொருவர் கையில் ரம்பம் ஓடியது, அதே டியூப் துண்டோடு. என் நோட்டு திரும்பி வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கி எழுதத் தொடங்கியதுதான் இன்றுவரை நான் எழுதிவரும் டைரி.

இப்போது எங்கள் தெருவில் "வந்துட்டு" என்று யாரும் கத்துவதில்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். அந்தக் கூச்சலுக்காக நான் ஏங்கவில்லை, ஆனாலும் கரண்ட் வந்த செய்தியாவது அதில் இருந்தது. இப்போது போனதும் தெரிவதில்லை, வந்ததும் தெரிவதில்லை. மின்தடைக்குப் பிறகு நாமே பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஒழிய ரம்பத்தை ஓடவிடாத சுவிட்ச் ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தேன். பெட்டி பிரிக்காமல் அண்ணனின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மாட்டுவதற்கு இரண்டு முறை எலக்ட்ரீஷியனை அனுப்பினேன், வேலை கெடும் என்று திருப்பி அனுப்பிவிட்டான். அந்த வெள்ளிக்கிழமையும் மாட்டச் சொல்லிக் கேட்டேன்.

"ஒரு மனுசனுக்கு ரெண்டு தடவையா நடக்கும்?" என்றான்.

மார்ச் 15, சனிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு, தண்ணீர் பிடிப்பதற்கும் முன்னால், மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பிளக் மறுபடியும் சுவரில் இருந்தது. அதைப் பிடுங்கி, சுவிட்சின் மேலிருந்த டேப்பை உரித்துக் கொண்டுவந்து, டைரியில் அன்றைய தேதிக்குக் கீழே ஒட்டினேன். இந்த வருட டைரியில் இது நான்காவது துண்டு.