முந்திக்கொண்ட பதில்

ஆலோசகர் ஆவதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவள் பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் உட்கார்ந்திருந்தவள். கேட்பவர் ஊர்ப் பெயரைப் பாதி உச்சரிப்பதற்குள் நடைமேடை எண்ணும் புறப்படும் நேரமும் வந்து விழும். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. அங்கே அது பாராட்டு. தபால் வழியில் உளவியல் படித்து, பயிற்சி முடித்து, பல் மருத்துவரின் அறைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்த பிறகு அதுவே வியாதியாகிவிட்டது. வருகிறவர்கள் பாதி சொன்னால் மீதியை இவள் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அவருடைய மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் ஏற்றி வந்த ஒரு வயதான அம்மாள் வழியிலேயே இறந்துபோனதிலிருந்து, ஒரு மாதமாக மனுஷர் வண்டியைத் தொடவில்லை. முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் சுவர் வழியாக வரும் பல் ராவும் இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, “அந்தப் பக்கம் பல்லைப் புடுங்குறாங்க, இந்தப் பக்கம் வாயைப் புடுங்குறீங்க” என்றார்.

மூன்றாவது வாரம் உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டார். “இன்னைக்கோட சரி மேடம். வீட்டுக்காரி அழுதாளேன்னுதான் வந்தேன். இனிமே யார்கிட்டயும் போறதா இல்ல.”

அவளுக்குப் பக்கென்றது. அந்த நேரம் பார்த்து அவரே பேச ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு பின்கதவத் தொறந்தேன். அந்தம்மாவோட…”

“மகன் உங்க சட்டையப் புடிச்சுட்டாரு” என்று அவள் முடித்துவிட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மகனா? மகள்தானே கூட வந்துச்சு. சட்டையெல்லாம் யாரும் புடிக்கல.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மகன், செவ்வாய்க்கிழமை வந்த வேறொருவரின் கதையில் இருந்தவன்.

“அப்ப அது யாரோட மகன்?” அவர் எழுந்து கதவுக்குப் போனார். “என் கதையும் இப்படித்தான் இன்னொருத்தர் மடியில போய் விழுமா?”

சமாளிப்புகள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. ‘பொதுவா அப்படி நடக்கும், அதான் கேட்டேன்’ என்றால் போதும். அவர் நம்பியும் இருப்பார்.

“விழக்கூடாது. இன்னைக்கு விழுந்துடுச்சு” என்றாள். “இன்னொருத்தர் நம்பிச் சொன்னத உங்க மேல போட்டுட்டேன். அவருக்கும் துரோகம், உங்களுக்கும். நீங்க சொல்றதக் கேக்காம நானா முடிச்சுட்டேன். தப்பு என்னோடது. நீங்க போறதுன்னா தடுக்க எனக்கு வாயில்ல.”

கதவுப் பிடியில் அவர் கை அப்படியே நின்றது. அவளுக்கு ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டும்போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு திட்டல” என்றார், கதவைப் பார்த்தபடி. “என் கையப் புடிச்சு, ‘உங்களால ஆனதச் செஞ்சீங்கண்ணே’ன்னுச்சு.”

பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“அன்னைக்குப் பாலத்துக்குக் கீழ போகவேண்டியவன், பழக்கதோஷத்துல மேல ஏறிட்டேன். சுத்திட்டு வர நாலு நிமிஷம் போச்சு. ஆபீஸ்ல டிராபிக்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் பொண்ணு நாலு அறை விட்டிருந்தா நான் தூங்கியிருப்பேன் மேடம்.”

நாலு நிமிஷத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று சொல்ல அவளுக்குள்ளிருந்த கூண்டுக்காரி துடித்தாள். ஆனால் அது அவளுக்குத் தெரியாத விஷயம்.

“தப்புதானே?” என்று அவர் திரும்பினார்.

“மேல ஏறினது தப்புதான். அதனாலதான் அந்தம்மா போனாங்களான்னு எனக்குத் தெரியாது.”

ஒன்றரை மாதமாக வீடும் ஆபீஸும் மாறிமாறி ‘உன் மேல தப்பில்ல’ என்று சொல்லியிருந்தன. ஒரு வார்த்தையும் அவர்மேல் ஒட்டவில்லை. இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு சாய உட்கார்ந்தார்.

“எழுதிக் குடுத்தத மாத்தணும். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணப் பாக்கணும். பாத்து, என்னன்னு…”

அவள் காத்திருந்தாள். அடுத்த வார்த்தை வர வெகுநேரம் ஆயிற்று.